மாநாட்டுப் பயணம்: வேலையா, ஆட்களா, தூக்கமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடத்துக்கு இரண்டு மூன்று மாநாடுகள் என்று பல வருடங்களாகப் போய்வருகிறேன். முதல்முறை கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கவலை: வேலையைப் பார்ப்பதா, நாலு பேரைப் பார்த்துப் பழகுவதா? என்னைக் கேட்டால் இந்த இரண்டுக்கும் பெரிய சண்டை கிடையாது. பையில் லேப்டாப்போடு சேர்ந்து ஏறிவரும் ஆபீஸ்தான் இரண்டையும் கெடுக்கிறது.

செஷன்களைக் கேட்கத்தானே அனுப்புகிறார்கள்? வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தால் ஊர் சுற்றப் போனதாக நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். உங்களுக்கே உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கும். ஆனால் மாநாடுகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் வராந்தாப் பேச்சுக்குத்தான் மதிப்பெண் அதிகம்.

1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்களின் ஐந்தாவது சால்வே மாநாடு நடந்தது. அங்கே காலைச் சாப்பாட்டு மேசைக்கு வரும்போதே குவாண்டம் கொள்கைக்கு எதிராக ஒரு புதிரோடு வருவார் ஐன்ஸ்டைன். அந்தக் கொள்கையின் பக்கம் நின்ற நீல்ஸ் போர் பகல் முழுக்க அதை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டின்போது பதில் சொல்வார். இயற்பியலாளர் ஓட்டோ ஸ்டெர்ன் பின்னாளில் நினைவுகூர்ந்த காட்சி இது. இன்றும் அந்த மாநாடு என்றால் இயற்பியல்காரர்கள் முதலில் பேசுவது இந்த வாக்குவாதத்தைத்தான்.

இன்னொன்று, சமீபத்தியது. விஞ்ஞானிகள் எமானுவேல் ஷார்பென்டியேவும் ஜெனிஃபர் டௌட்னாவும் முதன்முதலில் சந்தித்தது 2011-ல், போர்ட்டோ ரிக்கோவில் நடந்த ஒரு மாநாட்டின்போது. சான் ஹுவானின் பழைய தெருக்களில் நடந்தபடியே பேசியதில்தான் கூட்டு ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. 2012-ல் மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் முறை பற்றிய கட்டுரை, 2020-ல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

நமக்கு நோபலெல்லாம் வேண்டாம். ஆனால் காரணம் நமக்கும் அதேதான். மேடையில் வருவது துடைத்துப் பளபளப்பாக்கிய விஷயம். எந்த வழியில் போய் ஆறு மாதம் வீணானது, எந்த மென்பொருளை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டோம் என்பதை யாரும் ஸ்லைடில் போட மாட்டார்கள். அதெல்லாம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்தில் நின்றால்தான் காதில் விழும்.

மேலதிகாரிக்காக ஒரு யோசனை: திரும்பி வந்து எழுதும் ரிப்போர்ட்டில் "யாரைச் சந்தித்தேன், அவரிடம் என்ன தெரிந்துகொண்டேன்" என்று ஒரு பத்தி சேருங்கள். இரண்டாவது முறை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மாநாட்டில் இருக்கும்போதும் ஆபீஸ் வேலை துரத்துகிறது. எப்படிச் சமாளிப்பது?

இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதி தலைவலி போய்விடும். எனக்கு இது புரிய ஒரு அடி விழ வேண்டியிருந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டுக்கு நான் போனதே ஒரே ஒரு ஆளைப் பார்க்கத்தான். எங்கள் குழு மாதக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த சிக்கலை அவர் எப்போதோ தீர்த்துவிட்டிருந்தார். அவருடைய உரை முடிந்து வெளியே வருகிறேன், ஆபீஸிலிருந்து அழைப்பு. "அஞ்சே நிமிஷம்தான்" என்றார்கள். வராந்தாக் கோடியில், பிளக் பாயின்ட் இருந்த ஒரே தூணுக்கடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமானது. நடுவில் நிமிர்ந்தால், அவர் எனக்கு இரண்டடி தள்ளி நடந்து போகிறார். ஷூ லேஸ் ஒன்று அவிழ்ந்து கிடந்ததுகூடத் தெரிந்தது. என் காதில் ஹெட்செட். கையை ஆட்டினேன். யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று மத்தியானமே விமானம் ஏறிவிட்டாராம். அந்த அழைப்பில் நான் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம்; அதில் ஒன்று "கேக்குதா?"

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஆபீஸுக்கு ஒரு நாளில் இரண்டே வேளை. காலையில் முதல் செஷனுக்கு முன் முக்கால் மணி நேரம். சாயங்காலம் செஷன்கள் முடிந்து இரவு நிகழ்ச்சி தொடங்குவதற்குள் இன்னொரு முக்கால் மணி நேரம். இடையில் மெயில் மூடியே இருக்கும். "சும்மா ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்" என்பது பொய். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் சோதனைகள் மூலம் காட்டினார். அப்படித் தங்கிவிடுவதை 'கவன மிச்சம்' என்று சொல்லலாம். எதிரில் நிற்பவர் தன் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்கள் கண் அவருடைய தோளுக்குப் பின்னால் எங்கோ போகிறதே, அது இந்த மிச்சம்தான். அவருக்கும் அது தெரிந்துவிடும்.

கிளம்புவதற்கு முன் பொறுப்பை ஒரே ஒரு ஆளிடம் ஒப்படையுங்கள். "டீம் பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அர்த்தம். எதற்கு உங்களைக் கூப்பிடலாம், எதற்குக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சர்வர் படுத்துவிட்டதா, கூப்பிடு. அறிக்கையில் எழுத்துரு மாற வேண்டுமா, நான் வந்து பார்க்கிறேன். தானியங்கி பதிலில் "மெயில் அவ்வப்போது பார்ப்பேன்" என்று எழுதாதீர்கள். அந்த வரியைப் படித்தவர் உடனே பதில் எதிர்பார்ப்பார். திரும்பி வரும் தேதியை அந்தப் பதிலில் ஒரு நாள் தள்ளிப் போடுவதும் நல்லது.

கிளம்புவதற்கு முன் வேறு என்ன தயாரிப்பு?

மூன்று பெயர்கள். முப்பது வேண்டாம். நிகழ்ச்சி நிரல் வந்ததும் உட்கார்ந்து, இந்த மூவரைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படுவேன் என்ற அளவில் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே சின்னதாக ஒரு மெயில்: நான் யார், எதைப் பற்றிக் கேட்க வேண்டும், இரண்டாம் நாள் மத்தியான இடைவேளையில் 15 நிமிடம் கிடைக்குமா. நாளும் வேளையும் சொல்லிக் கேட்டால் பதில் வரும். "வாய்ப்பிருந்தால் சந்திக்கலாம்" என்று எழுதினால் அந்த வாய்ப்பு வராது.

நிரலில் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். அங்கே போன பிறகு தெரியவரும் விஷயங்களுக்கு அந்த நேரம் தேவைப்படும்.

எல்லா செஷனுக்கும் போயே ஆகணுமா?

வேண்டாம். பதிவு செய்து பிறகு வெளியிடப்போகும் உரையை நேரில் கேட்பதில் பெரிய லாபம் இல்லை, உரைக்குப் பின் அந்தப் பேச்சாளரிடம் பேச வேண்டியிருந்தால் தவிர. பயிற்சிப் பட்டறை, கேள்வி-பதில், ஆய்வைத் தாளில் ஒட்டிவைத்து விளக்கும் போஸ்டர் அரங்கு இவற்றையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. முன்னுரிமை இவற்றுக்கு.

1980-களில் ஹாரிசன் ஓவன் என்பவர் ரொம்பவும் பாடுபட்டு ஒரு மாநாட்டை நடத்தினார். முடிவில் அவர் உட்பட எல்லோரும் ஒப்புக்கொண்டது, காபி இடைவேளைதான் பிரமாதம் என்று! அதை மனதில் வைத்துத்தான் 1985-ல் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற கூட்டமுறையை உருவாக்கினார். அதில் 'இரண்டு கால் விதி' என்று ஒன்று உண்டு. இருக்கும் இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் காலைப் பயன்படுத்தி வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். வழக்கமான மாநாட்டிலும் இது செல்லும். நடைபாதையை ஒட்டிய இருக்கையில் உட்காருங்கள், எழுந்து போவது யாருக்கும் இடைஞ்சலாக இருக்காது.

எனக்குக் கூச்ச சுபாவம். தெரியாதவரிடம் போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பெரிய வரவேற்பு அரங்குதான் இதற்கு மிக மோசமான இடம். எல்லோரும் அங்கேதான் முயற்சி செய்து, தோற்று, சுவரோரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கிருந்து தொடங்காதீர்கள்.

போஸ்டர் அரங்குக்குப் போங்கள். ஏ0 அளவில், அதாவது 841-க்கு 1189 மில்லிமீட்டரில் ஒரு தாளை ஒட்டிவிட்டு, யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று ஒருவர் மணிக்கணக்கில் நின்றுகொண்டிருப்பார். "இதில் உங்களுக்கு எது ரொம்பப் படுத்தியது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கே பத்து நிமிடம் பேசுவார், நீங்கள் தலையாட்டினால் போதும். இன்னொரு வழி, பதிவு மேசையிலோ அரங்கிலோ தன்னார்வலராகச் சேர்வது. கையில் ஒரு வேலை இருந்தால் கூச்சம் பாதி குறைந்துவிடும். ஆட்களே உங்களைத் தேடி வருவார்கள்.

வட்டமாக நின்று பேசுகிற கூட்டத்துக்குள் நுழைவது யாருக்குமே கஷ்டம்தான். தொழில்நுட்ப மாநாடுகளில் 'பேக்-மேன் விதி' என்று ஒன்று சொல்வார்கள். அந்தப் பழைய வீடியோ கேம் உருவத்தின் வாய் மாதிரி, நிற்கும் வட்டத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். புதிதாக ஒருவர் வந்து நின்றதும் இன்னொரு இடைவெளி விட வேண்டும். நீங்கள் தேடும்போது அந்த மாதிரித் திறந்த வட்டமாகப் பார்த்துப் போங்கள். இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று தாழ்ந்த குரலில் பேசினால் விட்டுவிடுங்கள்.

கூட வந்த சக ஊழியர்களோடேயே மூன்று நாளும் போய்விடுகிறது...

அவர்களைத்தான் தினமும் பார்க்கிறீர்களே! 1973-ல் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதிய பிரபலமான கட்டுரை ஒன்று உண்டு. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது ஏறக்குறைய நமக்கும் தெரிந்திருக்கும், புதுத் தகவல் வருவது லேசான பழக்கம் உள்ளவர்கள் மூலம்தான் என்பது அதன் சாரம். பகலில் பிரிந்து ஆளுக்கொரு செஷனுக்குப் போங்கள். இரவில் ஒரு வேளை சேர்ந்து உட்கார்ந்து, கேட்டதைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

மேலதிகாரியும் கூட வந்திருந்தால்?

முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "எந்த நிகழ்ச்சிக்கெல்லாம் நான் உங்களோடு இருக்கணும்?" பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் சொல்வார். அவருக்கும் உங்களிடமிருந்து கொஞ்சம் விடுதலை தேவைப்படும்.

சாயங்காலம் விருந்து, அதற்குப் பின் இன்னொரு ஜமா என்று நள்ளிரவு தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் போகணுமா?

மூன்று இரவு இருந்தால் ஒன்றை முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். ஒன்றில் அறைக்குப் போய்த் தூங்குங்கள். எந்த இரவு எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தால் நல்லது. அங்கே நின்றுகொண்டு யோசித்தால் "இன்னும் கொஞ்ச நேரம்"தான் ஜெயிக்கும்.

போவதாக இருந்தால் தொடக்கத்திலேயே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், சொல்வது காதில் விழும். சத்தம் கூடக்கூட நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911-ல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்துக் கூட்டம் கத்துகிறது என்று நாம் கத்த, நாம் கத்துகிறோம் என்று அவர்கள் கத்த, மறுநாள் காலை தொண்டை கட்டிக்கொள்ளும். மறுநாள் உங்களுக்கு உரை இருந்தால் அரங்கின் நடுவில் நிற்கவே நிற்காதீர்கள்.

மது அருந்தாதவர்கள் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கையில் ஏதோ ஒரு டம்ளர் இருந்தால் யாரும் கேட்பதில்லை. அருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். காலை ஒன்பது மணி செஷனில் அதற்கு விலை கொடுப்பீர்கள்.

பேச்சை முடித்துக்கொண்டு நகர்வது எப்படி? மாட்டிக்கொண்டால் விடமாட்டேன் என்கிறார்கள்.

"உங்களோடு பேசினதில் சந்தோஷம், இன்னொருவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகருங்கள். மாநாட்டில் இது யாரையும் புண்படுத்தாது. அவருக்கு அறிமுகம் தேவைப்படும் ஒருவரைக் கைகாட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

தனியாகப் போகும் பெண்கள் இரவு நிகழ்ச்சிகளை எப்படி அணுகுவது?

"இதைப் பற்றி இரவு பேசலாமே" என்று யாராவது சொன்னால், "நாளைக் காலை இடைவேளையில் பேசலாம்" என்பது முழுமையான பதில். வேலை விஷயம் உண்மையிலேயே பேச வேண்டியிருந்தால் அவர் காலையில் வருவார். வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். அறை எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். பேட்ஜை அரங்கை விட்டு வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள், பெயரும் நிறுவனமும் தெருவில் போகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பல மாநாடுகள் இப்போது நடத்தை விதிகளை வெளியிடுகின்றன. புகார் சொல்ல யாரை அணுக வேண்டும் என்பது அதில் இருக்கும். அந்தத் தொடர்பு எண்ணை முதல் நாளே போனில் சேமித்துவிடுங்கள். சங்கடமாக இருக்கும் இடத்திலிருந்து காரணம் சொல்லாமல் கிளம்பலாம். நாகரிகம் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்.

எத்தனை பேரோடு பேசினாலும் பெயர் மட்டும் நினைவில் நிற்பதே இல்லை.

எல்லோருக்கும் அப்படித்தான். 1987-ல் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முகங்களைக் காட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் ஒரு தொழிலும் சொன்னார்கள். தொழில் நினைவில் நின்ற அளவு பெயர் நிற்கவில்லை. 'பேக்கர்' (ரொட்டி சுடுபவர்) மாதிரி பெயராகவும் தொழிலாகவும் வரும் ஒரே சொல்லுக்கும் அதே கதிதான்! தொழில் என்றால் மனதில் ஒரு காட்சி விரிகிறது, பெயர் வெறும் ஒலியாகத் தங்கிவிடுகிறது.

ஆகவே பெயரோடு ஒரு காட்சியைச் சேருங்கள். பேசி முடித்து நகர்ந்த உடனே, அடுத்த ஆளிடம் போவதற்குள், விசிட்டிங் கார்டின் பின்புறமோ போனிலோ ஒரே வரி: "பச்சை மூக்குக்கண்ணாடி, தரவு இடமாற்றத்தில் பட்ட பாடு, கட்டுரை அனுப்புகிறேன் என்றேன்." கடைசிப் பகுதிதான் முக்கியம். இரவு அறைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கையில் பதினைந்து கார்டு இருக்கும், ஒரு முகமும் இருக்காது.

நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டுக்குப் போகிறேன். தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

உடல் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேர வித்தியாசத்தைத்தான் சரிசெய்துகொள்ளும். கிழக்கே போவது மேற்கே போவதைவிடக் கடினம். காரணம், நம் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. தாமதமாகத் தூங்குவது அதற்கு எளிது, சீக்கிரம் தூங்குவது கடினம். எட்டு மணி நேர வித்தியாசத்தோடு மூன்று நாள் மாநாட்டுக்குப் போகிறவர், முழுதாகச் சரியாவதற்குள் திரும்பிவிடுவார். எனவே சரியாகிவிடும் என்று நம்பாமல், நீங்கள் தெளிவாக இருக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து முக்கியமான சந்திப்பை அதில் வையுங்கள். கிழக்கே போனவர் அதிகாலைச் சந்திப்பு வைக்க வேண்டாம், மேற்கே போனவர் பின்னிரவு வைக்க வேண்டாம்.

ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர முடிந்தால் நல்லது. காபி உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கே உரை இருக்கிறது. அப்போது யாரோடும் பேச முடியுமா?

உரைக்கு முந்தின இரவு யாரோடும் வேண்டாம். உரை முடிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பேச்சாளராக இருப்பதன் பெரிய லாபமே அப்போதுதான். நீங்கள் யாரையும் தேட வேண்டாம், அவர்களே வருவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் மெயில் பார்க்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். உரையைக் கூடுமானவரை முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். மீதி நாட்களில் "நேற்று பேசினீர்களே" என்று ஆட்களே தொடங்கிவைப்பார்கள்.

தனிப்பேச்சில் கேட்டதை வெளியே எழுதலாமா?

சில கூட்டங்களில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள அந்த அமைப்பு 1927-ல் வகுத்த விதி அது. தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னது என்பதையோ அவர் எந்த நிறுவனம் என்பதையோ சொல்லக் கூடாது. அறிவிக்காவிட்டாலும் வராந்தாப் பேச்சுக்கெல்லாம் நான் இதையே பின்பற்றுகிறேன். பெயர் போட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

வீட்டுக்குப் பேசவே நேரம் கிடைப்பதில்லை.

நேரம் குறித்துவிட்டுப் போங்கள். "முடிஞ்சா கூப்பிடறேன்" என்றால் அங்கே ஒரு ஆள் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அரங்கிலிருந்து அறைக்கு நடக்கும் பத்து நிமிடம் எனக்கு இதற்குச் சரியாக இருக்கிறது.

திரும்பி வந்த பிறகு யாருக்கு, எப்போது எழுதுவது?

பேசிய எல்லோருக்கும் எழுத வேண்டியதில்லை. கார்டில் "அனுப்புகிறேன்" என்று குறித்துவைத்தவர்களுக்கு முதலில், இரண்டு நாளைக்குள். கேட்டது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே காட்டிவிட்டார். வாரம் கடந்தால் உங்கள் மெயிலைப் பார்த்து "யார் இது?" என்றுதான் யோசிப்பார்கள். திரும்பும் விமானத்திலேயே வரைவு எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆபீஸில் காலடி வைத்த பிறகு அது நடக்காது.

நீளம் நாலு வரி போதும். நான் அனுப்பிய ஒன்று இது: "வணக்கம். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசினோமே, நான்தான். நீங்கள் கேட்ட கட்டுரையை இணைத்திருக்கிறேன். 4-ஆம் பக்கத்து அட்டவணையைப் பாருங்கள், உங்கள் சிக்கல் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்."

தப்பாகத்தான் இருந்தது. ஒரே நாளில் பதில் வந்தது, இரண்டு பக்கத்துக்கு.